பெங்களூரில் 'நான் யார்' குழப்பம் எனக்கு எப்படித் தணிந்தது

அலுவலகத்தில் இந்தி ஜோக்குக்கு எல்லாரும் சிரித்து முடித்த பிறகுதான் நான் சிரிப்பேன், தென்காசிக்குப் போனாலோ "பெங்களூர்க்காரி வந்துட்டா" என்று அத்தையே கிண்டலடிப்பார். இங்கேயும் ஒட்டவில்லை, அங்கேயும் ஒட்டவில்லை. தியான ஆப், 'உன்னை அறி' முகாம் என்று காசுதான் கரைந்தது.

கடைசியில் கை கொடுத்தது கன்னடம். கீழ்வீட்டு அக்காவிடம் 'ஊட்டா ஆய்த்தா' (சாப்பிட்டாச்சா) என்று தப்பும் தவறுமாக ஆரம்பித்தேன், அவர் திருத்துவார், நான் திரும்பச் சொல்வேன், இரண்டு பேரும் சிரிப்போம், அந்த நேரத்தில் யார் மாதிரியும் நடிக்கத் தோன்றவில்லை. அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் அல்சூர் ஏரிப் பக்கம் நடை. அங்கே இருக்கும் திருவள்ளுவர் சிலை 18 வருஷம் மூடியே கிடந்து 2009 ஆகஸ்டில்தான் திறக்கப்பட்டது. அதே மாதம் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலையும் திறந்தார்கள். (வள்ளுவருக்கே அவ்வளவு நாள் ஆகியிருக்கிறது, நான் எம்மாத்திரம்!) அந்தப் பக்கத்துச் சந்துகளில் ஒரே மூச்சில் தமிழும் கன்னடமும் கலந்து பேசும் பாட்டிகளுக்கு இந்தக் குழப்பமெல்லாம் கிடையவே கிடையாது.

நீங்களும் முயற்சி செய்வதானால் பால்காரர், பூக்காரம்மாவிடம் ஆரம்பியுங்கள். அலுவலகத்தில் ஆரம்பித்தால் பாதியிலேயே ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவோம்.