உருவத்தைத் திரையில் ஒட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

செயலியின் கட்டளைகளையே நேரடியாக எழுதும் அசெம்பிளி மொழியைப் பழகுகிறவர்களில் பலர் இன்றும் பழைய டாஸ் இயங்குதளக் காலத்து விஜிஏ 13எச் என்ற திரைமுறையில் விளையாட்டு எழுதிப் பார்க்கிறார்கள். 320-க்கு 200 புள்ளிகள், 256 நிறங்கள், புள்ளிக்கு ஒரு பைட். இத்தனை எளிய அமைப்பிலும் அதே தவறுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. நிரலை இயந்திரமொழிக்கு மாற்றும் அசெம்ப்ளரே கண்டுபிடித்துச் சொல்லிவிடும் பிழைகளை இங்கே விட்டுவிடுகிறேன்.

திரை நினைவகத்திலிருந்து படிப்பது

என்னை இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான். உருவத்தைச் (ஸ்பிரைட், அதாவது திரையில் நகரும் சிறு படம்) சுற்றிப் பின்னணி தெரிய வேண்டும் என்பதற்காக, திரையில் உள்ள பைட்டைப் படித்து, முகமூடியோடு (எங்கே பின்னணி தெரிய வேண்டும் என்று குறிக்கும் பைட்டுகள்) ஆண்ட் செய்து, உருவத்தோடு ஆர் செய்து (இரண்டும் பிட் பிட்டாகச் சேர்க்கும் கட்டளைகள்), திரும்பவும் அங்கேயே எழுதுகிறார்கள். விடை சரியாகத்தான் வரும். ஆனால் அந்த நினைவகம் இருப்பது கிராபிக்ஸ் அட்டையில். பழைய கணினியில் ஒவ்வொரு பைட்டும் அட்டையைக் கணினியோடு இணைக்கும் ஐஎஸ்ஏ பஸ் வழியே வந்து சேரும்வரை செயலி காத்து நிற்க வேண்டும்.

ஒரு மாணவரின் விளையாட்டு, பழைய கணினியைப் போல நடிக்கும் மென்பொருளான எமுலேட்டரில் சீராக ஓடியது. 386 செயலி கொண்ட பழைய கணினியில் போட்டதும் நாலைந்து உருவங்களுக்கே திணறியது. அவரோ சுழற்சியில் எந்தக் கட்டளையைக் குறைக்கலாம் என்று தேடிக்கொண்டே நாட்களை வீணாக்கினார். குறை கட்டளைகளில் இல்லவே இல்லை! முதன்மை நினைவகத்தில் 64,000 பைட் ஒதுக்குங்கள். ஒரே செக்மென்டுக்குள் (65,536 பைட் வரை கொள்ளும் நினைவகப் பகுதி) அடங்கிவிடும். பின்னணியையும் உருவங்களையும் அங்கேயே சேருங்கள். முகமூடியும் வேண்டாம்: உருவத்தின் பைட் 0 என்றால் தாண்டுங்கள், இல்லையென்றால் எழுதுங்கள். முழுப்படம் தயாரானதும் தொடர்ந்து நகலெடுக்கும் ரெப் மூவ்எஸ்டி கட்டளை கொண்டு, திரை நினைவகம் இருக்கும் ஏ000 செக்மென்டுக்கு ஒரே மூச்சில் அனுப்புங்கள். 16,000 முறை நான்கு நான்கு பைட்டாகப் போய்விடும். திரையிலிருந்து ஒரு பைட்டைக்கூடப் படிக்கத் தேவையில்லை. இன்றைய கிராபிக்ஸ் அட்டைகளிலும் செயலி திரை நினைவகத்தைப் படிப்பது, எழுதுவதைவிடப் பல மடங்கு மெதுவானது.

கறுப்பும் 0-வும் ஒன்றென நினைப்பது

ஒளிபுகும் புள்ளியைக் குறிப்பது ஓர் எண்தான், நிறம் அல்ல. கண்மணியை 0-வில் வரைந்தால் முகத்தில் ஓட்டை விழும். விஜிஏயின் இயல்பு நிறப்பட்டியலில் 16 என்ற எண்ணும் கறுப்புதான். கண்மணிக்கு அதைக் கொடுங்கள்.

டிஐயை நகர்த்த மறப்பது

டிஐ என்பது அடுத்து எழுத வேண்டிய இடத்தை வைத்திருக்கும் ரெஜிஸ்டர். பைட்டை எழுதும் ஸ்டாஸ்பி கட்டளை அதைத் தானே நகர்த்தும். புள்ளியைத் தாண்டும்போது நீங்கள்தான் ஒன்றைக் கூட்ட வேண்டும். தவறினால் வரிசை முழுவதும் இடப்பக்கம் சரிந்துவிடும். வரிசை முடிந்ததும் 320-லிருந்து உருவத்தின் அகலத்தைக் கழித்து மீதியைக் கூட்டுங்கள்.

சிஎல்டி

நகலெடுக்கும் முன் இந்தக் கட்டளையை எழுதிவிடுங்கள்; நகலின் திசையைக் குறிக்கும் திசைக்கொடியை இது முன்னோக்கி வைக்கும். கொடி மாறியிருந்தால் நகல் பின்னோக்கி ஓடும்.