விளாதிமிர், சூஸ்தால் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

மாஸ்கோவுக்கு வடகிழக்கே வட்டமாக அமைந்த பழைய ஊர்களை ரஷ்யாவின் ‘தங்க வளையம்’ என்பார்கள். விளாதிமிரும் சூஸ்தாலும் அவற்றில் இரண்டு. அங்கே கிளம்புகிறவர்களின் முதல் தவறு, அந்த வளையத்தை முழுசாகச் சுற்றியே தீர வேண்டும் என்று நினைப்பது. அது பழைய யாத்திரைப் பாதை எதுவும் இல்லை. 1967-ல் ஒரு சோவியத் பத்திரிகையாளர் எழுதிய கட்டுரைத் தொடரில் பிறந்த பெயர். யாரோஸ்லாவல், கஸ்த்ரமா எல்லாம் அழகான ஊர்கள்தான். ஆனால் அங்கே கண்ணில் படுவது பெரும்பாலும் பிற்காலச் செங்கல் தேவாலயங்கள். மங்கோலியர் 1238-ல் விளாதிமிரை எரிப்பதற்கு முன் எழுந்த வெள்ளைக்கல் கட்டடங்கள்தான் குறி என்றால், விளாதிமிரிலும் சூஸ்தாலிலும் ஒவ்வோர் இரவு தங்குங்கள். சூஸ்தாலுக்கு ரயில் கிடையாது. விளாதிமிர் ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே பேருந்து நிலையம் இருக்கிறது.

சூஸ்தாலில் எங்கே திரும்பினாலும் வெள்ளைத் தேவாலயம். அவற்றில் பெரும்பாலானவை 17, 18-ஆம் நூற்றாண்டில் செங்கல்லால் கட்டிச் சுண்ணாம்பு அடித்தவை. சுவர் அருகே போய்ப் பாருங்கள்: உண்மையான வெள்ளைக்கல் சுண்ணாம்புப் பாறை, லேசாக மஞ்சள் பாய்ந்திருக்கும், செதுக்கிய கற்களின் இணைப்பு தெரியும். அங்குள்ள கன்னி மரியாளின் பிறப்புப் பேராலயம் இரண்டும் கலந்தது. அதன் கீழ்ப்பாதி 1222-25-ல் எழுந்த கல். மேற்பாதி 1528-30-ல் வைத்த செங்கல். பக்கத்திலேயே கிதெக்ஷா கிராமத்தில் 1152-ஆம் ஆண்டுத் தேவாலயம் நிற்கிறது. பேருந்துக் கூட்டம் அங்கே எட்டிப் பார்ப்பதே குறைவு.

அடுத்தது, நேரே உள்ளே நுழைந்துவிடுவது. விளாதிமிரின் திமித்ரி பேராலயத்துக்கு அழகே வெளிச்சுவர்தான். 1190-களில் கட்டிய அதன் மேல்பகுதி முழுக்கச் சிங்கம், கழுகுச்சிங்கம், மரம், மனிதர் என்று நூற்றுக்கணக்கான புடைப்புச் சிற்பங்கள். தெற்குச் சுவரில் மாசிடோனிய மன்னர் அலெக்சாண்டர் வானத்தில் பறக்கிறார்! தேவாலயச் சுவரில் அவருக்கு என்ன வேலை என்று ஆய்வாளர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். சிறிய தொலைநோக்கி ஒன்று கையில் இருப்பது நல்லது. உள்ளே 12-ஆம் நூற்றாண்டுச் சுவரோவியத்தில் கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது. ஈரம் படக் கூடாது என்பதால் மழை நாளில் கதவை மூடிவிடுவார்கள். ஆகவே வெயில் அடிக்கும் நாளில் இதை முதலில் முடித்துவிடுங்கள்.

இரண்டு நிமிட நடையில் இருக்கும் உஸ்பென்ஸ்கி பேராலயம் நேர் எதிர். அங்கே உள்ளேதான் சரக்கு. 1185 தீ விபத்துக்குப் பிறகு, பழைய ஆலயத்தைச் சுற்றிப் புதுச் சுவர் எழுப்பிப் பெரிதாக்கினார்கள். நடுவில் நிற்கும் கனத்த தூண்கள்தான் பழைய வெளிச்சுவரின் மிச்சம். இது தெரியாமல், புகழ்பெற்ற ரஷ்யத் திருவுருவ ஓவியர் அந்த்ரேய் ரூப்லியோவ் 1408-ல் தீட்டிய ஓவியங்களை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள். இங்கே வழிபாடு நடக்கிறது. அந்த நேரத்தில் கேமராவைத் தூக்கிக்கொண்டு அலையாதீர்கள். பெண்கள் தலையில் துணி போட வேண்டும், ஆண்கள் தொப்பியைக் கழற்ற வேண்டும். அரைக்கால் சட்டை வேண்டாம்.

விளாதிமிருக்குப் பக்கத்தில் உள்ள நெர்ல் ஆற்றங்கரைத் தேவாலயத்துக்கு ஏப்ரலில் போகத் திட்டமிடுகிறவர்கள் வெள்ளத்தை மறந்துவிடுகிறார்கள். பனி உருகியதும் புல்வெளி நீரில் மூழ்கும். படகு கிடைத்தால்தான் போக முடியும். மற்ற நாட்களில் பக்கத்து ஊரான பொகொல்யூபொவோவிலிருந்து சுமார் ஒன்றரை கி.மீ. நடை, வழியில் நிழல் இல்லை. அது நிற்கும் மேடு இயற்கையானது என்று நினைத்துவிட வேண்டாம். வெள்ளத்தைக் கணக்கில் வைத்து ஆழமாக அஸ்திவாரம் போட்டு, மண் குவித்து, மேலே கல் பதித்த செயற்கை மேடு அது.

அப்புறம் யூரியெவ்-போல்ஸ்கி என்ற சிற்றூர். தொலைவு என்று விட்டுவிடுவார்கள், எனக்கு அது நியாயமாகப் படவில்லை. 1230-34-ல் எழுந்த அதன் கியோர்கி பேராலயம் 15-ஆம் நூற்றாண்டில் இடிந்து விழுந்தது. 1471-ல் திரும்ப அடுக்கியபோது செதுக்கிய கற்கள் இடம் மாறிப் போயின. தலை ஓரிடம், உடல் ஓரிடம்.

கடைசியாகப் பணம். வெளிநாட்டில் வாங்கிய விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் 2022 மார்ச் முதல் அங்கே வேலை செய்வதில்லை. ரொக்கமாக ரூபிள் வைத்திருங்கள். வார விடுமுறை அருங்காட்சியகத்துக்கு அருங்காட்சியகம் மாறும், மாதம் ஒரு நாள் துப்புரவுக்காகவும் மூடுவார்கள். பேருந்து ஏறும் முன் அதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.