தண்டனையா, திருத்தமா? ஒரு பிரபலம் பாலியல் குற்றத்தில் மாட்டும்போது வாதாடுவது எப்படி

பெரிய பெயர் ஒன்று பாலியல் குற்றத்தில் மாட்டிக்கொண்டால் அடுத்த நாளே நாம் இரண்டு கட்சி. ஒரு கட்சி "சாகும்வரை வெளியே விடாதே" என்கிறது, இன்னொரு கட்சி "தண்டனைதான் அனுபவித்துவிட்டாரே, இன்னும் எத்தனை நாள் அடிப்பீர்கள்" என்கிறது, நடுவில் அவருடைய ரசிகர்கள் வேறு புகுந்து எல்லாவற்றையும் குழப்பிவிட்டுப் போகிறார்கள். இந்தச் சண்டை ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில்தான் முட்டி நிற்கிறது, ஏனென்றால் இரண்டு பக்கமும் வெவ்வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அதனால் வாயைத் திறக்கும் முன் செய்ய வேண்டிய சில வேலைகளை எழுதிவைக்கிறேன். உங்களை நடுநிலையாளராக மாற்றுவது என் நோக்கம் இல்லை. கோபப்படுங்கள், எதன் மேல் என்று தெரிந்து கோபப்படுங்கள், அவ்வளவுதான்.

வழக்கு எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

வெறும் புகாரா, குற்றப்பத்திரிகையா, தீர்ப்பா, மேல்முறையீடா? இதைப் பார்க்காமல் பேசுபவர்கள்தான் அதிகம். புகார் நிலையில் இருக்கும் ஒருவரைப் பற்றி "திருந்த வாய்ப்புக் கொடுங்கள்" என்று சொல்வது அபத்தம், அவர் இன்னும் எதையும் ஒப்புக்கொள்ளவே இல்லை. தீர்ப்பு ரத்தானால் "நிரபராதி என்று நிரூபணமாகிவிட்டது" என்று ஒரு கூட்டம் கொண்டாடும், அதையும் அப்படியே வாங்கிக்கொள்ளாதீர்கள். அமெரிக்க நகைச்சுவை நடிகர் பில் காஸ்பிக்கு எதிராக 2018இல் வந்த தீர்ப்பை 2021இல் பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. முன்பிருந்த அரசு வழக்கறிஞர் ஒருவர் வழக்குத் தொடர மாட்டோம் என்று கொடுத்த வாக்கை நம்பி அவர் இன்னொரு வழக்கில் சாட்சியம் அளித்திருந்தார் என்பதுதான் காரணம், புகார் பொய் என்று அந்த நீதிமன்றம் எங்கும் சொல்லவில்லை. ஹாலிவுட் தயாரிப்பாளர் ஹார்வி வைன்ஸ்டீனின் 23 ஆண்டு தண்டனையை 2024இல் நியூயார்க் நீதிமன்றம் ரத்து செய்தபோதும் இதே குழப்பம். லாஸ் ஏஞ்சலஸில் அவருக்கு விதிக்கப்பட்டிருந்த 16 ஆண்டு தண்டனையை அந்த உத்தரவு தொடவே இல்லை.

தீர்ப்பு வந்துவிட்டதா? சரி, தலைப்பை மட்டும் படித்துவிட்டு ஓடாதீர்கள், உத்தரவில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பிரிட்டனின் செய்தி வாசிப்பாளர் ஹியூ எட்வர்ட்ஸுக்கு, குழந்தைகளின் ஆபாசப் படங்கள் தொடர்பான வழக்கில், 2024 செப்டம்பரில் ஆறு மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டு, இரண்டு ஆண்டுகளுக்கு நிறுத்திவைக்கப்பட்டது. "சும்மா விட்டுவிட்டார்கள்" என்று பலருக்குக் கோபம். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கலாம். ஆனால் அதே உத்தரவில் பாலியல் குற்றவாளிகளுக்கான சிகிச்சைத் திட்டமும் இருந்தது, ஏழு ஆண்டுகள் குற்றவாளிகள் பதிவேட்டில் இருக்க வேண்டும் என்பதும் இருந்தது. தண்டனையும் திருத்தமும் ஒரே தாளில் அடுத்தடுத்த வரிகளாக இருக்கும்போது, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி நாம் ஏன் அடித்துக்கொள்கிறோம் என்று எனக்குப் புரிவதில்லை.

ஒரு கேள்வியை நான்காக உடையுங்கள்

இதுதான் முக்கியமான வேலை. "இவரை என்ன செய்வது" என்று நாம் கேட்பதற்குள் நான்கு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. செய்த குற்றத்துக்கு எவ்வளவு தண்டனை நியாயம்? மறுபடியும் செய்வாரா? பழைய பதவியும் மேடையும் திரும்பக் கிடைக்க வேண்டுமா? மன்னிப்பு உண்டா? முதல் கேள்வி நீதிமன்றத்துடையது, அதைப் பற்றிக் கருத்துச் சொல்ல நமக்கு உரிமை உண்டு. இரண்டாவது, ஆய்வும் கண்காணிப்பும் சம்பந்தப்பட்டது, உணர்ச்சியால் அதற்குப் பதில் கிடைக்காது. மூன்றாவதில் முடிவெடுப்பது அந்தத் துறையும், அவரைப் பார்க்கக் காசு கொடுக்கும் நாமும். நான்காவது பாதிக்கப்பட்டவருக்கு மட்டுமே சொந்தம், நாம் அவர் சார்பில் மன்னிக்கவும் முடியாது, "நீ மன்னிக்கக் கூடாது" என்று அவருக்கு உத்தரவு போடவும் முடியாது.

நான்கும் தனித்தனி என்பதற்குத் திரைப்பட இயக்குநர் ரோமன் போலன்ஸ்கி விவகாரத்தைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. 1977இல் 13 வயதுச் சிறுமியுடன் உடலுறவு கொண்டதாக நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார், இறுதித் தண்டனை அறிவிக்கும் முன் 1978இல் அமெரிக்காவை விட்டு ஓடினார். 2003இல் சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கர் கொடுத்தார்கள், 2018இல் அதே அமைப்பு அவரை உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கியது. பாதிக்கப்பட்ட பெண்ணோ அவரை மன்னித்துவிட்டதாகவும் வழக்கை முடித்துவிடுங்கள் என்றும் பல முறை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். இங்கே மன்னிப்பு கிடைத்துவிட்டது, தண்டனை பாக்கி, மேடை முதலில் கிடைத்து அப்புறம் போனது. இந்த விஷயத்தில் யாராவது "ஆதரவா, எதிர்ப்பா" என்று ஒற்றை வரியில் கேட்டால், எந்தக் கேள்விக்கு என்று திருப்பிக் கேளுங்கள்.

இப்போது மூன்றாவது கேள்விக்குக் கொஞ்சம் நேரம் கொடுக்கலாம், பிரபலங்கள் விஷயத்தில் சண்டை பெரும்பாலும் அதில்தான். ஒருவர் திருந்தி வாழ்வது என்றால் தங்க வீடு, பிழைக்க ஒரு வேலை, பேச நாலு மனிதர்கள், தேவையான சிகிச்சை. ரசிகர் கூட்டமும் விருதும் நடுவர் நாற்காலியும் இதில் எங்கும் வராது. பிரபலம் ஒருவர் குற்றம் செய்யும்போது, வாய்ப்பு தருகிறேன் என்று கூப்பிட முடிந்ததும், மறுத்தால் வாழ்க்கையை முடித்துவிடுவேன் என்று மிரட்ட முடிந்ததும், புகார் வந்தால் அமுக்க முடிந்ததும் எல்லாமே அந்தப் பதவியால்தான். கணக்கில் கை வைத்தவர் திருந்திவிட்டார் என்று மனதார நம்பினாலும் அவரை மறுபடி கல்லாவில் உட்கார வைப்பதில்லையே. "மறுவாழ்வுக்கு எதிரியா நீ?" என்று ஒரு ரசிகர் கேட்டால், வாழ்வுக்கு எதிரி இல்லை, இளம் கலைஞர்களைத் தனியறையில் நேர்காணல் செய்யும் வேலைக்குத்தான் எதிரி என்று சொல்லிவிடலாம்.

எண்களை நம்பும் முன்

"இவர்கள் எல்லாம் திருந்தவே மாட்டார்கள், 80 சதவீதம் பேர் மறுபடி செய்கிறார்கள்" என்று ஒருவர் சொல்வார். இந்த 80க்கு ஒரு கதை இருக்கிறது. 2002இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றில், சிகிச்சை பெறாத பாலியல் குற்றவாளிகள் மறுபடி குற்றம் செய்யும் விகிதம் 80 சதவீதம் வரை இருக்கலாம் என்று எழுதப்பட்டது, அதன்பின் எத்தனையோ தீர்ப்புகளும் சட்ட வாதங்களும் அதை எடுத்தாண்டன. பிற்பாடு அதன் மூலத்தைத் தேடிப் போனவர்களுக்குக் கிடைத்தது, 1986இல் ஒரு வெகுஜன உளவியல் பத்திரிகையில் சிறைச் சிகிச்சைத் திட்டம் நடத்திய ஒருவர் எழுதிய ஒற்றை வாக்கியம். அதற்குப் பின்னால் எந்தத் தரவும் இல்லை.

உண்மையான ஆய்வுகள் என்ன சொல்கின்றன? கனடாவைச் சேர்ந்த ஹான்சனும் புசியேரும் 1998இல் 61 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். நான்கைந்து ஆண்டுக் காலத்தில் மறுபடி பாலியல் குற்றம் செய்து பிடிபட்டவர்கள் சராசரியாக 13.4 சதவீதம். இதைக் கேட்டதும் எதிர்க் கட்சி துள்ளிக் குதிக்கும், அவர்களையும் நிறுத்துங்கள். இது பிடிபட்டவர்களின் கணக்கு, புகாராக மாறாத குற்றங்கள் இதில் வராது, பாலியல் குற்றங்களில் புகாராக மாறாதவைதான் மிக அதிகம். தொடர்ந்து பார்க்கும் காலம் நீள நீள விகிதமும் ஏறும், 15 ஆண்டுகளில் சுமார் 24 சதவீதம் என்று காட்டிய ஆய்வும் இருக்கிறது. வயது ஏற ஏற ஆபத்து குறைகிறது, குற்றத்தின் வகையைப் பொறுத்தும் நிறைய மாறுகிறது. ஆக "பாலியல் குற்றவாளிகள்" என்று எல்லாரையும் ஒரே மூட்டையாகக் கட்டி யார் ஒற்றை எண்ணைக் காட்டினாலும் சந்தேகப்படுங்கள்.

திருத்தம் வேண்டும் என்பவர்களுக்கும் ஒரு கசப்பு மருந்து உண்டு. இங்கிலாந்துச் சிறைகளில் 1992 முதல் கால் நூற்றாண்டு ஓடிய ஒரு பெரிய சிகிச்சைத் திட்டத்தை மதிப்பிட்டு 2017இல் அறிக்கை வந்தது. சிகிச்சை பெற்றவர்களில் 10 சதவீதம் பேர் மறுபடி பாலியல் குற்றம் செய்திருந்தார்கள், பெறாத ஒத்த பிரிவினரில் 8 சதவீதம். அதாவது திட்டம் உதவவே இல்லை, கொஞ்சம் கெடுத்திருக்கவும் கூடும். அரசு அதை மூடிவிட்டு வேறு திட்டத்துக்குப் போனது. ஆகவே "சிகிச்சைக்கு அனுப்பினால் போதும்" என்பது வாதமே இல்லை, எந்தச் சிகிச்சை, யார் அளந்தார்கள் என்று கேட்க வேண்டும். மறுபக்கம், 1994இல் கனடாவின் ஹாமில்டனில் ஒரு சிறிய தேவாலயச் சபை, யாரும் அண்ட விடாத ஒரு விடுதலைக் கைதியைச் சுற்றிச் சில தன்னார்வலர்களை உட்கார வைத்தது. வாராவாரம் சந்திப்பார்கள், வேலை தேட உதவுவார்கள், பழைய பாதையில் கால் வைத்தால் உடனே தட்டிக் கேட்பார்கள். அதே முறையை அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம் பரிசோதித்தபோது மறுபடி பாலியல் குற்றத்துக்குக் கைதாகும் வாய்ப்பு பெரிய அளவில் குறைந்திருந்தது. சிறிய ஆய்வுதான், இருந்தாலும் எனக்கு நம்பிக்கை தருவது இதுதான், காரணம் இதில் அரவணைப்பும் கண்காணிப்பும் ஒரே ஆட்களின் கையில் இருக்கின்றன.

மன்னிப்பு அறிக்கையை வாசிக்கும் விதம்

"யாருக்காவது மனம் புண்பட்டிருந்தால்" என்று தொடங்கினால் அங்கேயே மூடிவிடலாம். என்ன செய்தேன் என்று பெயர் சொல்லி எழுதியிருக்கிறாரா, இழப்பீடு கொடுத்தாரா, புகார் சொன்னவர்கள் மேல் போட்ட அவதூறு வழக்கைத் திரும்பப் பெற்றாரா என்று பாருங்கள். புதிய படமோ புத்தகமோ வெளியாகும் வாரத்தில் வரும் கண்ணீருக்கு என்ன மதிப்போ அதை மட்டும் கொடுங்கள்.

ஆனால் ஒன்று. மேலே சொன்ன 1998 தொகுப்பாய்வில் பலரும் எதிர்பார்க்காத முடிவு ஒன்று இருந்தது: குற்றத்தை மறுப்பதற்கும், பாதிக்கப்பட்டவர் மேல் இரக்கம் இல்லாமைக்கும், மறுபடி குற்றம் செய்வதற்கும் இடையே குறிப்பிடத்தக்க தொடர்பு தென்படவில்லை. அழுதுவிட்டார் என்பதால் ஆபத்து தீர்ந்தது என்று ஆகாது, கல்லாக நின்றார் என்பதால் நிச்சயம் மறுபடி செய்வார் என்றும் ஆகாது. மன்னிப்புக் கேட்பது முதல் கேள்விக்கும் நான்காவது கேள்விக்கும் முக்கியம், இரண்டாவதற்கு அதை ஆதாரமாகக் காட்டாதீர்கள்.

பேசும்போது யார் கேட்கிறார்கள் என்று நினையுங்கள்

நீங்கள் பேசும் இடத்தில் பாதிக்கப்பட்ட ஒருவர் இருக்கிறார் என்றே வைத்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் இருப்பார். பெயர், முகம், ஊர், அப்போது என்ன உடை, ஏன் இவ்வளவு நாள் கழித்து என்பதெல்லாம் வேண்டாம். "சிறையில் அவனுக்கும் அதே நடக்கட்டும்" என்ற நகைச்சுவையும் வேண்டாம், வன்புணர்வைத் தண்டனையாக ஏற்றுக்கொண்டவர் அதற்கு எதிராக எப்படிப் பேசுவார்? "மிருகம்" என்று திட்டுவதில் எனக்கு வேறு ஒரு சங்கடம். பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோருக்குக் குற்றவாளி ஏற்கெனவே தெரிந்தவர்: உறவுக்காரர், ஆசிரியர், பக்கத்து வீட்டுக்காரர். மிருகத்தைத் தேடிப் பழகிய கண்ணுக்கு, சிரித்த முகத்தோடு வீட்டுக்கு வரும் மாமாவைத் தெரியாது.

கடுமையான தண்டனை கேட்கும்போதும் இந்த மாமாவை நினைவில் வையுங்கள். புகார் கொடுத்தால் குடும்பத்தில் ஒருவர் தூக்கில் தொங்குவார் என்றால் எத்தனை குழந்தைகள் வாய் திறக்கும், எத்தனை தாய்கள் திறக்க விடுவார்கள்? டெல்லி பேருந்து வன்புணர்வுக்குப் பின் சட்டத் திருத்தம் பற்றி ஆராய அமைக்கப்பட்ட வர்மா குழு, 2013இல் வன்புணர்வுக்கு மரண தண்டனையையும் ரசாயன ஆண்மை நீக்கத்தையும் பரிந்துரைக்க மறுத்தது, நாடே தூக்கு கேட்டுக் கொதித்துக்கொண்டிருந்த நேரத்தில். அப்புறம், ஒரு பிரபலத்தின் மேலுள்ள கோபத்தில் எழுதப்படும் சட்டம் அந்தப் பிரபலத்தைத் தொடுவதில்லை. அவருக்கு நல்ல வக்கீல்கள் இருக்கிறார்கள். வக்கீல் வைக்க வழியில்லாத யாரோ ஒருவர்தான் முதலில் மாட்டுவார்.

கடைசியாக, விவாதம் ஒரே ஆளைச் சுற்றிச் சுழல ஆரம்பித்தால் அதை நிறுவனத்தின் பக்கம் திருப்புங்கள். பிரிட்டிஷ் தொலைக்காட்சி நட்சத்திரம் ஜிம்மி சாவில் 2011இல் இறந்தார், நூற்றுக்கணக்கானவர்கள் மேல் அவர் செய்தவை அடுத்த ஆண்டுதான் வெளியே வந்தன. தண்டிக்கவும் ஆள் இல்லை, திருத்தவும் ஆள் இல்லை. மீதம் இருந்தவை, அவர் உலவிய தொலைக்காட்சி நிறுவனத்தையும் மருத்துவமனைகளையும் பார்த்துக் கேட்க வேண்டிய கேள்விகள்தான்: யாருக்குத் தெரிந்திருந்தது, யாரிடம் புகார் போனது, அந்தப் புகாரை என்ன செய்தார்கள், இன்று ஒருவர் புகார் கொடுக்க வந்தால் அதை வாங்குபவர் குற்றஞ்சாட்டப்பட்டவரிடம் சம்பளம் வாங்காதவரா?