விறகு அடுப்பு வாங்கும்போது உள்ள கை விட்டுப் பாருங்க

புது விறகு அடுப்பு வாங்கப் போறீங்கன்னா அடுப்பு வாய்க்குள்ள கைய விட்டு, விறகு வைக்கிற தட்டுக்குக் கீழ காத்து போக சந்து இருக்கான்னு தடவிப் பாருங்க, இல்லைன்னா அத வாங்காதீங்க. மேல 'ஸ்மோக்லெஸ்'னு ஸ்டிக்கர் ஒட்டினா மட்டும் புகை நின்னுடாது.

புகைங்கிறது முழுசா எரியாத விறகுதான், தரையோட ஒட்டி விறகு கிடந்தா காத்து மேலாப்புல போயிடும், தட்டுல தூக்கி வச்சா அடியில போற காத்து சூடாகி நேரா கங்குல படும், புகையும் அங்கேயே சேந்து எரிஞ்சிடும். விறகும் கம்மியாத்தான் செலவாகும். விறகு அடுப்புக்கான இந்தியத் தர அளவுகோல் ஐ.எஸ். 13152, அந்த முத்திரை இருந்தா இன்னும் நல்லது. அந்த அளவுகோல்படி காத்து ஊதுற ஃபேன் இல்லாத அடுப்பு விறகோட சூட்டுல குறைஞ்சது 25 சதவீதத்தையாவது பாத்திரத்துக்குக் கொடுக்கணும், ஃபேன் வச்சதுன்னா 35. புகையில வர்ற நுண்தூசியும் ஃபேன் அடுப்புல, ஃபேன் இல்லாததுக்கு விட்ட அளவுல பாதிக்கும் கீழதான் இருக்கணும், ஆனா கரண்ட் அடிக்கடி போற ஊர்ல சார்ஜ் போட மறந்தா அந்த ஃபேன் சும்மாதான் கிடக்கும்.

இதெல்லாம் காஞ்ச, விரல் தடிமனுக்குப் பிளந்த விறகுக்குத்தான். மழையில நனைஞ்ச தென்னமட்டை, பச்சை வேலிக்கருவைன்னு சொருகினா எந்த அடுப்பும் புகையத்தான் செய்யும், உமி மரத்தூளுக்கு வேற மாதிரி அடுப்பு வேணும். ஜன்னலே இல்லாத சமையக்கட்டுன்னா புகைபோக்கி வச்சதா பாத்து வாங்குங்க.