சேலத்து ஓவிய மாணவர் வரைபுத்தகத்தை நிரப்புவது எப்படி

ஓவியத்தில் நாட்டமுள்ள மாணவர்கள் பலரிடம் கைத்திறனும் இருக்கிறது, நாளுக்கு அரை மணி நேரமாவது ஒதுக்கும் வாய்ப்பும் இருக்கிறது. எதை வரைவது என்பதில்தான் அவர்கள் திணறுகிறார்கள். கைபேசியைத் திறந்தால் அனிமே பாத்திரங்களும் கொரிய இசைக்குழுவினரின் முகங்களும் திரைநாயகர்களின் சுவரொட்டிகளும் வரிசையாக வந்து நிற்கின்றன. அவற்றைப் பார்த்து வரைவதில் தவறே இல்லை. விருப்பம் இல்லாமல் யாருடைய கையும் பழகாது. ஆனால் ஒளி எந்தப் பக்கத்திலிருந்து விழ வேண்டும், எந்தக் கோட்டை விட்டுவிடலாம், எதை முன்னே நிறுத்தலாம் என்ற முடிவுகளையெல்லாம் அந்தப் படங்களில் வேறொருவர் முன்பே எடுத்துவிட்டார். அந்த முடிவுகளை நாமே எடுக்கப் பழக வேண்டுமானால், கண்ணெதிரே அசைந்துகொண்டிருக்கும் ஊரை வரைய வேண்டும். விரும்பும் பாணியைக் கைவிடாமல் சேலத்தையும் சேர்வராயன் மலையையும் அந்தப் பாணிக்குள் கொண்டுவருவதற்கான வழிகளை இங்கே சொல்கிறேன்.

முதலில் பொருள்கள். பையில் எப்போதும் இருக்க வேண்டிய வரைபுத்தகம் ஏ5 அளவில், 100 முதல் 120 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) தாளுடன் இருந்தால் பென்சிலுக்கும் பேனாவுக்கும் போதும். ஒரு 2பி பென்சில், ஒரு 6பி பென்சில், நீர் பட்டாலும் கரையாத ஒரு கறுப்புப் பேனா ஆகியவை தவிர வேறெதுவும் தேவையில்லை. அழிப்பானை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவது நல்லது. அழிக்க முடியாது என்று தெரிந்தால் கை கோட்டைப் போடுவதற்கு முன்பே கண் கூடுதலாகப் பார்க்கும். நீர்வண்ணத்துக்கு மட்டும் 300 ஜிஎஸ்எம் தாளைத் தனியே வாங்கி, அஞ்சலட்டை அளவுக்கு வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். விலையுயர்ந்த வரைபுத்தகத்தை நான் மாணவர்களுக்குப் பரிந்துரைப்பதில்லை, ஏனென்றால் அதன் முதல் பக்கத்தைத் தொடவே பலர் மாதக்கணக்கில் தயங்குகிறார்கள்.

அன்றாடப் பயிற்சிக்குப் பேருந்து நிலையமே சிறந்த இடம். கல்லூரி முடிந்து பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் சுற்றிலும் மனிதர்கள் நிற்கிறார்கள், சாய்கிறார்கள், மூட்டையின் மேல் உட்கார்ந்து கைபேசியில் மூழ்குகிறார்கள். முகத்திலிருந்து தொடங்க வேண்டாம். தலையின் உச்சியிலிருந்து உடலின் எடையைத் தாங்கும் பாதம் வரை ஒரே கோட்டை இழுங்கள். பிறகு தோள்களின் சரிவையும் இடுப்பின் சரிவையும் இரண்டு குறுக்குக் கோடுகளால் குறியுங்கள். ஒரு காலில் எடை போட்டு நிற்பவரின் தோளும் இடுப்பும் பெரும்பாலும் எதிரெதிராகச் சரிந்திருக்கும், அந்தச் சரிவு பிடிபட்டுவிட்டால் உருவம் தானே நின்றுவிடும். வரைந்துகொண்டிருக்கும்போதே அவர் ஏறிப் போய்விட்டால் படத்தை அப்படியே விட்டுவிட்டு அடுத்ததைத் தொடங்கலாம், சற்று நேரத்தில் வேறொருவர் ஏறத்தாழ அதே நிலையில் வந்து நிற்பார். யாராவது கவனித்துக் கேட்டால் மறைக்காமல் காட்டுங்கள்; விரும்பவில்லை என்றால் உடனே நிறுத்திவிடுங்கள்.

தொலைவுக்காட்சி (பெர்ஸ்பெக்டிவ்) விதிகளைப் புத்தகத்தில் படித்துக் குழம்பியவர்கள் ஒரு காலையில் அம்மாப்பேட்டைக்கோ குகைக்கோ போய்ப் பார்க்க வேண்டும். நெசவாளர்கள் பாவு நூலை, அதாவது துணியின் நீளவாக்கில் ஓடும் இழைகளை, நீளமாக இழுத்துக் கட்டிச் சீர்செய்யும் திறந்தவெளிக்குப் பாவடி என்று பெயர். பாவு போட்டிருக்கும் நாளில் அதன் ஒரு முனையில் நின்றால், நூற்றுக்கணக்கான இழைகள் தொலைவில் ஒரே புள்ளியை நோக்கி ஒடுங்குவதை நேரில் காணலாம். முதலில் உங்கள் கண்மட்டத்தைத் தாளில் ஒரு படுக்கைக் கோடாகப் போடுங்கள். நின்று வரையும்போது பாவு அந்தக் கோட்டுக்கு வெகு கீழே விரிந்து கிடக்கும். தரையில் உட்கார்ந்தால் அதுவே ஏறத்தாழக் கண்மட்டத்துக்கு வந்து ஒரு மெல்லிய பட்டையாகச் சுருங்கிவிடும். இரண்டு நிலையிலும் ஒவ்வொரு படம் வரைந்து பாருங்கள். எல்லா இழைகளையும் வரைய முயல வேண்டாம். இரு ஓரங்களையும் நடுவில் மூன்று நான்கு இழைகளையும் ஒடுங்கு புள்ளியை நோக்கிப் போட்டு, முன்னால் இடைவெளியை அகலமாகவும் பின்னால் நெருக்கமாகவும் விட்டால், மீதி இழைகளைப் பார்ப்பவரின் கண்ணே நிரப்பிக்கொள்ளும். அதன் பிறகு இழையைச் சரிசெய்துகொண்டு நடப்பவர்களை வையுங்கள். நீங்கள் நின்று வரையும்போது, சமதரையில் நிற்கும் உங்கள் உயரத்தவர் அனைவரின் கண்களும், அருகில் இருந்தாலும் தொலைவில் இருந்தாலும், அந்தக் கண்மட்டக் கோட்டிலேயே அமையும் என்ற விதியை இங்கேதான் ஐயமின்றிச் சரிபார்க்க முடியும்.

தறி ஓடும் வீட்டுக்குள் உட்கார்ந்து வரைய விரும்பினால், வாசலில் நின்று, “அண்ணா, ஓரமாக உட்கார்ந்து வரைந்துகொள்ளட்டுமா?” என்று கேட்டால் பெரும்பாலும் இடம் கொடுப்பார்கள். குழித்தறியில் அமர்பவரின் கால்கள் குழிக்குள் இருப்பதால் உடலின் மேற்பாதி மட்டுமே தெரியும்; குறுக்கு இழையைக் கொண்டுசெல்லும் நாடா ஓடும்போது தோள் அசையும் முறையைக் கவனிப்பது அங்கே முக்கியம். அவர் வேலையை நிறுத்தித் தோற்றம் காட்டும்படி ஒருபோதும் கேட்காதீர்கள். நெய்த அளவுக்கே கூலி, அவருடைய நேரத்தை நாம் எடுத்துக்கொள்ளக் கூடாது.

வண்ணப் பயிற்சிக்குத் தட்டுவடை செட் ஒன்றே போதும். இரண்டு தட்டுவடைகளுக்கு நடுவே சிவப்புச் சட்னியும் பச்சைச் சட்னியும் துருவிய பீட்ரூட்டும் கேரட்டும் இருக்கும். சிவப்பும் பச்சையும் ஒன்றையொன்று எடுத்துக்காட்டும் எதிர் நிறங்கள் என்பதைச் சாப்பிடுவதற்கு முன் ஐந்து நிமிடத்தில் வரைந்து பழகிவிடலாம்.

சேர்வராயன் மலைமேல் உள்ள ஏற்காட்டுக்கு வேறொரு தயாரிப்பு வேண்டும். இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்துக்குப் போனதும், சேலத்து வெயிலில் உடனுக்குடன் காய்ந்த நீர்வண்ணம் அங்கே காயவே மறுக்கும். ஆகவே தூரிகையில் நீரைக் குறைத்து எடுங்கள், ஒரு பூச்சு காயும் வரை வேறொரு அட்டையில் வேலை செய்யுங்கள். மூடுபனி நாள் கிடைத்தால் அதை வீணாக்காதீர்கள். அருகிலுள்ள சில்வர் ஓக் மரமும் அதில் படர்ந்த மிளகுக்கொடியும் அடர்த்தியாகத் தெரியும். அடுத்த வரிசை சாம்பல் நிறமாகும். அதற்கும் பின்னால் உள்ள சரிவு தாளின் வெண்மையோடு கலந்துவிடும். தொலைவு கூடக்கூட இருண்ட பகுதிகள் வெளுக்கின்றன, விளிம்புகள் மழுங்குகின்றன என்ற இரண்டையும் மூன்றே நிறச்செறிவுகளில் காட்டிவிடலாம். மிக வெளிறிய பூச்சை முதலில் தாள் முழுவதும் போட்டுவிட்டு, அது காய்ந்த பின் நடுத்தரத்தையும், இறுதியில் அடர்த்தியையும் போடுங்கள். லேடீஸ் சீட் என்னும் காட்சிமுனையிலிருந்து கீழே தெரியும் சேலத்தை வரைவதென்றால் கட்டடங்களைத் தனித்தனியாகத் தேடாமல் மலைப்பாதையின் வளைவை முதலில் பிடியுங்கள். மே மாதக் கோடை விழாவின்போது அமர இடம் கிடைப்பது கடினம். வேலைநாளில் போவதே வசதி.

வரைந்ததைக் கைபேசிக்குள் கொண்டுவரும்போது ஜன்னலருகே, நேரடி வெயில் படாத இடத்தில் தாளை வைத்து, கைபேசியின் நிழல் விழாமல் நேர் மேலிருந்து படமெடுங்கள். ஐபிஸ் பெயிண்ட் செயலி கைபேசியிலும், கிரிட்டா மென்பொருள் கணினியிலும் பணம் செலுத்தாமலே கிடைக்கின்றன. மாணவருக்கு இவ்விரண்டும் தாராளமாகப் போதும். கோட்டோவியத்தை மேல் அடுக்கில் (லேயரில்) வைத்து அதன் கலப்பு முறையை மல்டிப்ளை என்று மாற்றினால் தாளின் வெண்மை மறைந்து கோடு மட்டும் நிற்கும், அதன் கீழடுக்கில் வண்ணம் தீட்டலாம். அச்சிடும் எண்ணம் இருந்தால் தொடக்கத்திலேயே ஏ4 அளவை 300 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்), அதாவது 2480-க்கு 3508 பிக்சலில் அமையுங்கள். சிறிய படத்தைப் பின்னர் பெரிதாக்கினால் கோடு சிதையும். இந்த அளவில் நினைவகம் குறைந்த கைபேசிகள் சில அடுக்குகளையே அனுமதிக்கும் என்பதால் முடிந்த அடுக்குகளை அவ்வப்போது இணைத்துவிடுங்கள். திரையில் பளிச்சிடும் நியான் நீலமும் பச்சையும் அச்சில் மங்கிவிடும், ஆகவே ஒரு படியை அச்சிட்டுப் பார்த்த பிறகே மீதியை அச்சுக்குக் கொடுங்கள். செயற்கை நுண்ணறிவு உருவாக்கும் படங்களை உடலமைப்புக்கான மாதிரியாக வைத்துக்கொள்ள வேண்டாம். விரல்களும் மூட்டுகளும் அவற்றில் பிழையாக வருவதுண்டு, பழகும் கைக்கு அந்தப் பிழை தெரியாது.

இனி விருப்பங்களைப் பற்றி. பிடித்த மங்காவின் (ஜப்பானியப் படக்கதையின்) ஒரு பக்கத்தை நகலெடுக்கும்போது முகத்தைவிட, கறுப்பு எங்கே கொட்டப்பட்டிருக்கிறது, வெண்மை எங்கே காலியாக விடப்பட்டிருக்கிறது என்பதைப் பாருங்கள். அதே கண்ணோடு 1972-இல் தொடங்கிய முத்து காமிக்ஸின் பழைய கறுப்புவெள்ளை இதழ்களையும், ஓவியர் ஆதிமூலத்தின் காந்தி கோட்டோவியங்களையும் பார்த்தால், மூன்றும் மையைக் கையாளும் முறையில் எவ்வளவு வேறுபடுகின்றன என்பது விளங்கும். பிறகு உங்களுக்குப் பிடித்த பாத்திரத்தை ஏற்காடு சாலையில் இன்றும் நிற்கும் மாடர்ன் தியேட்டர்ஸ் திரைப்பட நிறுவனத்தின் நுழைவாயில் வளைவுக்கு முன் நிறுத்துங்கள். தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் 1956-இல் அந்த நிறுவனத்திலிருந்துதான் வந்தது. சினிமாவை நேசிக்கும் சேலத்துப் பிள்ளைகள் அதை வரையாமல் இருப்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. அந்த நுழைவாயில் வளைவை நேரில் வரைந்து, அங்கே வெயில் எந்தப் பக்கத்திலிருந்து விழுந்ததோ அதே பக்கத்து ஒளியைப் பாத்திரத்தின் மேலும் போட வேண்டும். நிழல்கள் ஒரே திசையில் விழுந்தால் கற்பனை உருவமும் அந்த இடத்தில் காலூன்றி நிற்கும். பெரிய தாளுக்கு மாற்ற, பழைய பேனர் ஓவியர்களைப் போலச் சிறிய படத்திலும் பெரிய தாளிலும் ஒரே எண்ணிக்கையில் கட்டங்கள் போட்டு, கட்டம் கட்டமாக மாற்றுங்கள்.

நண்பர்கள் மூன்று நான்கு பேர் சேர்ந்து வாரம் ஒருமுறை வரைபுத்தகங்களை மாற்றிப் பார்ப்பது தனியாக உழைப்பதைவிட விரைவில் பலன் தரும். “மச்சி, சூப்பர்” என்று சொல்வதோடு நிறுத்தாமல், எந்த இடம் புரியவில்லை என்பதை மட்டும் சொல்வது என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். வரைந்தவர் விளக்கம் சொல்லாமல் கேட்க வேண்டும். கைகளை வரைவதற்கு ஒருவருக்கொருவர் மாதிரியாக உட்காருங்கள். டீக்கடையில் கண்ணாடி டம்ளரைப் பிடித்திருக்கும் கை விரல்களின் அடுக்கைக் கற்க மிக ஏற்றது. வாட்ஸ்அப் குழுவில் அன்றைய படத்தைப் போடுவது நல்ல பழக்கம்தான், ஆனால் அன்று வரையாதவரைக் கேலி செய்யும் வழக்கம் வந்துவிட்டால் நல்ல நண்பர்கள்கூட விலகிவிடுவார்கள்.

பிறந்தநாளுக்கு உருவப்படம் வரைந்து தரும்படி வகுப்புத் தோழர்கள் கேட்கத் தொடங்கும்போது, தாளின் அளவு, எத்தனை முகங்கள், எந்த நாளில் தர வேண்டும், எத்தனை முறை திருத்தித் தருவீர்கள் என்ற நான்கையும் எழுத்தில் அனுப்பிவிட்டு, பாதித் தொகையை முன்பணமாகப் பெற்ற பிறகே தொடங்குங்கள். மாதிரிப் புகைப்படம் தெளிவாக இல்லையென்றால் வேறு படம் கேட்கத் தயங்க வேண்டாம். மங்கா பாத்திரங்களின் உரிமை அவற்றைப் படைத்தவர்களுடையது. அவற்றை அச்சிட்டு விற்பதை விட்டுவிட்டு, பாவடியிலும் ஏற்காட்டிலும் நீங்கள் வரைந்த அட்டைகளையே விற்பனைக்கு வையுங்கள். ஒவ்வொன்றின் பின்புறமும் இடத்தையும் நாளையும் பென்சிலால் குறித்து, மென்பென்சில் படங்களின் மேல், கோடு கலையாமல் காக்கும் ஃபிக்சேட்டிவ் தெளித்து, காய்ந்த பிறகு இடையில் வெற்றுத் தாள் வைத்து அடுக்குங்கள்.