ரூபிக் க்யூப்: கடைசி நாலு மூலையில் கலையாமல் முடிப்பது எப்படி?

முதல் இரண்டு அடுக்கும் சேர்ந்து, மேலே மஞ்சள் கூட்டல் குறியும் வந்து, அதன் ஓரத்துண்டுகள் பக்கத்து நடு நிறங்களோடு பொருந்திவிட்டனவா? மிச்சம் நாலு மூலைதான். பலரும் முழு க்யூபையும் கலைத்துக்கொள்வதும் இங்கேதான்.

முதலில் இடம். ஒரு மூலைத்துண்டின் மூன்று நிறங்களும் அதைச் சுற்றியுள்ள மூன்று நடுத்துண்டுகளின் நிறங்களாக இருந்தால் இடம் சரி; திரும்பி உட்கார்ந்திருந்தாலும் பரவாயில்லை. அதை முன்பக்கத்தின் வலது மேல் மூலையில் வைத்துப் பிடியுங்கள். மேலடுக்கு கடிகாரச் சுற்று, வலது மேலே, மேலடுக்கு எதிர்ச்சுற்று, இடது மேலே, மேலடுக்கு கடிகாரச் சுற்று, வலது கீழே, மேலடுக்கு எதிர்ச்சுற்று, இடது கீழே. எல்லாமே கால் சுற்று. மேலே, கீழே என்பது உங்களைப் பார்த்திருக்கும் பத்தி போகும் திசை. மற்ற மூன்று மூலைகள் சேராவிட்டால் இன்னொரு முறை. ஒரு மூலைகூடச் சரியான இடத்தில் இல்லையென்றால் எப்படிப் பிடித்தாவது ஒருமுறை செய்யுங்கள், ஒன்று வந்துவிடும்.

அடுத்து நிறம். திரும்பியிருக்கும் மூலையை வலது மேல் முன்மூலையில் வைத்து: வலது கீழே, அடிவரிசை இடப்பக்கம், வலது மேலே, அடிவரிசை வலப்பக்கம். இந்த நான்கும் ஒரு தடவை. முதல் தடவை முடிந்ததும் அந்தத் துண்டு நேர் கீழே போய்விடும், இரண்டாவதில் மேலே திரும்பும். அதனால் ஒவ்வொரு மூலைக்கும் 2 அல்லது 4 தடவை; 3 என்றால் எங்கோ தப்பு. மஞ்சள் மேலே வந்துவிட்டது என்று கடைசி அடிவரிசைத் திருப்பத்தை விட்டுவிடாதீர்கள். அந்த ஒரு திருப்பம்தான் பலரைக் கவிழ்க்கிறது.

இப்போது கீழ் அடுக்குகள் கலைந்து கிடக்கும். பதற வேண்டாம். க்யூபைத் திருப்பிப் பிடிக்காமல், மேலடுக்கை மட்டும் சுழற்றி அடுத்த மூலையை அதே இடத்துக்குக் கொண்டுவாருங்கள். ஆறு தடவைக்கு ஒருமுறை கீழ் அடுக்குகள் பழைய நிலைக்கு வந்துவிடும். எனவே எல்லா மூலைக்கும் சேர்த்து மொத்தம் 6 அல்லது 12 வரும். கடைசியில் மேலடுக்கைச் சுழற்றிப் பக்கங்களோடு பொருத்தினால் முடிந்தது. கடைசி அடுக்கின் நிறத்தை ஒரேயடியாக மேலே கொண்டுவரும் 57 ஓஎல்எல், அதன் துண்டுகளை இடம் சேர்க்கும் 21 பிஎல்எல் சூத்திரங்களெல்லாம் வேகத்துக்கு, இப்போதைக்கு வேண்டாம்.

தொடங்கும் முன் ஒன்று பாருங்கள். ஒரே ஒரு மூலை மட்டும் திரும்பியிருந்தால் எந்தச் சூத்திரமும் உதவாது: தளர்ந்த க்யூபில் அது விரல் பட்டுத் திருகியிருக்கும், கையாலேயே திருகிச் சரிசெய்யுங்கள். இரண்டு மூலைகள் சரியாகி மற்ற இரண்டு மட்டும் இடம் மாறி நிற்கவே முடியாது; நாலில் இரண்டு மட்டும் மாறியிருந்தால் யாரோ கழற்றித் தப்பாக மாட்டியிருக்கிறார்கள். கழற்றியதைக் கண்டபடி மாட்டினால் தீரும் வாய்ப்பு 12-இல் 1 மட்டுமே. மேலடுக்கை 45 டிகிரி திருப்பி, ஒரு ஓரத்துண்டை நெம்பி எடுத்து, தீர்ந்த நிலையிலேயே திரும்ப மாட்டுங்கள்.