டிக்கியில் ரெண்டு ஆம்ப்: வயர் இழுக்கும் முறை

கதவு ஸ்பீக்கர்களுக்கு ஒரு 4 சேனல் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர், ஒலியைப் பெருக்கும் பெட்டி), பேஸ் ஒலிக்கான சப்வூஃபருக்கு ஒரு மோனோ (ஒரே சேனல்) ஆம்ப். ஹேட்ச்பேக் வண்டி வந்தால் பெரும்பாலும் இந்த ஜோடியைத்தான் மாட்டுகிறேன்.

முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். முன்னாலிருந்து ரெண்டு பவர் வயர் இழுக்க வேண்டாம், ஒரே 4 கேஜ் (வயரின் தடிமன் அளவு) போதும். ஆனால் அசல் செம்பு வாங்குங்கள். செம்பு பூசிய அலுமினியம் அதே கேஜில் அவ்வளவு கரண்ட் தாங்காது. பேட்டரியிலிருந்து 45 செ.மீ.க்குள் மெயின் ஃபியூஸ். அது காப்பது வயரை, ஆம்பை அல்ல.

டிக்கியில் ஃபியூஸ் வைத்த டிஸ்ட்ரிபியூஷன் பிளாக் (ஒரு பவர் வயரை ரெண்டாகப் பிரிக்கும் கட்டை), அங்கிருந்து ஒவ்வொரு ஆம்புக்கும் ஒரு 8 கேஜ். தலா 40 ஆம்பியர் ஃபியூஸ் என்றால் மெயின் 80.

கிரவுண்டில் (ஆம்பின் நெகட்டிவை வண்டி பாடியில் இணைப்பதில்) அவசரம் வேண்டாம். ரெண்டுக்கும் ஒரே இடம், குட்டை வயர். உப்புத்தாள் போட்டு பெயிண்ட் போய் தகரம் பளிச்சென்று தெரிய வேண்டும். சீட் பெல்ட் போல்ட்டைத் தொடவே கூடாது. ஆக்ஸிலரேட்டர் மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் 'ங்ஙொய்' என்று ஏறினால் முதலில் இங்கே பாருங்கள்.

ஸ்டீரியோவிலிருந்து ஆம்புக்குப் பாட்டு சிக்னல் கொண்டுவரும் ஆர்.சி.ஏ. கேபிள் பவர் வயருக்கு எதிர்ப்பக்கமாகப் போகட்டும். ஆம்பை ஆன் செய்யும் ரிமோட் வயர் ஸ்டீரியோவிலிருந்து முதல் ஆம்ப், அதிலிருந்து அடுத்தது. மூன்று, நான்கு ஆம்ப் என்றால் நடுவில் ஒரு ரிலே (சிறு கரண்டில் இயங்கும் சுவிட்ச்) போட்டுவிடுங்கள்.